குரலுக்கு மட்டும் அனுமதி

கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலையிலிருந்து பூவார் வரைக்கும் ஜோஸ்னாவின் குரலைக் கேட்காத காது கிடையாது. கோழித்தீவனக் கடை திறப்பு, இலவசக் கண் பரிசோதனை, பஞ்சாயத்துத் தேர்தல், கிறிஸ்தவ சபைகளின் கன்வென்ஷன் கூட்டம், கோவில் உற்சவம், இரண்டு நாளைக்குக் குடிநீர் வராது என்ற சுபச்செய்தி, எதுவானாலும் ஓர் ஆட்டோவின் தலையில் கட்டிய கூம்பு வடிவக் கோளாம்பி ஸ்பீக்கர் வழியாக முதலில் வந்து சேர்வது அந்தக் குரல்தான். தண்ணீர் வராது என்று அது சொல்லும்போதுகூட ஜனங்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் ரசித்துக் கேட்பார்கள்.

குரலைக் கேட்டவர்கள் அதற்குப் பொருத்தமான உடம்பையும் அவரவர் சொந்தச் செலவில் செய்து வைத்திருந்தார்கள். நல்ல வெளுப்பு. இடுப்பு வரைக்கும் முடி, அதில் துளசி. சரிகைக் கரை போட்ட கசவு முண்டு. நெற்றியில் சந்தனம். பெயர்கூட வைத்தாகிவிட்டது: ஸ்ரீலட்சுமி. காஞ்சிரங்குளத்து முடிதிருத்தும் கடையில் அவள் ஒரு தாசில்தாரின் மகள் என்று முடிவாகியிருந்தது. பூவார் படகுத்துறையில் அவளை நேரில் பார்த்தவர்களே இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே அவள் காரில் வந்ததாகச் சொன்னார்கள்.

ஜோஸ்னாவிடம் கார் இல்லை. துளசியும் இல்லை. முப்பத்தாறு வயது, குட்டையான உருவம், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. நிறம், கல்யாணத்தன்று அவள் மாமியார் வந்திருந்த உறவினர்களிடம் காரணம் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டிய அளவுக்குக் கறுப்பு. திருப்புறத்தில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த சத்தியதாஸ், புஷ்பபாய் தம்பதியின் மகள். வீட்டில் தமிழ், மைக்கில் மலையாளம். ஆட்டோவை ஓட்டுவது கணவன் சஜு. பின்சீட்டில் மைக்கையும் பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு, யாரோ பேசிப் பதிவு செய்த குரலைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான், பெண்டாட்டி துணைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

பூவாரில் ஒரு சாயாக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள் ஒருநாள்.

"ஆருக்க குரல் மக்கா இது? நல்ல ஐசுவரியம் உண்டு" என்று கடைக்காரர் பொன்னப்பன் சஜுவிடம் கேட்டார்.

"இவளுக்க குரலாக்கும்" என்றான் சஜு.

பொன்னப்பன் ஜோஸ்னாவை மேலிருந்து கீழே ஒருமுறையும், கீழேயிருந்து மேலே ஒருமுறையும் பார்த்தார். "போடேய். இது ரெக்கார்டாக்கும்."

"ரெக்கார்டுக்கு ஒரு சாயா கூடப் போடுங்க அண்ணே. சீனி கொறச்சு" என்றாள் ஜோஸ்னா, அதே மைக் குரலில்.

பொன்னப்பன் சிரித்தபடி சாயாவை அடித்து ஆற்றிக் கொடுத்தார். பிறகு சஜுவின் காதருகே குனிந்து, "ஒனக்க வீட்டுக்காரிக்கு மிமிக்ரியும் தெரியுமோ?" என்றார்.

இதெல்லாம் அவளுக்குப் பழக்கம். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடை, அறிவிப்பாளர் தேவை என்று போனில் அவள் குரலைக் கேட்டுவிட்டு 'நாளைக்கே வந்துவிடுங்கள் மேடம்' என்றது. நேரில் போனாள். வாசலில் நின்ற காவலாளி கேள்வியே கேட்காமல், கழுவித் துடைக்கிறவர்கள் போகும் பின்வாசலைக் கை காட்டினார். உள்ளே மேனேஜர் படித்தவர்; நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கள் கடையின் லுக் வேற" என்று மட்டும் மலையாளத்தில் சொன்னார். இடையில் சஜுவின் போன் வந்தது. அவள் தமிழில் பதில் சொன்னதும் அவர் முகம் மாறியது. "நிங்கள் பாண்டியா?" என்றார், தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் வார்த்தையில். கேட்டவருக்கும் வீட்டில் பேச்சு தமிழ்தான். கடைக்கு வரும்போது குடையோடு அதையும் வெளியே வைத்துவிட்டு வருவார். கடைசியில், "குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள்" என்றார். அனுப்பினாள். தீபாவளிக்கு அந்தக் குரலைத் தொலைக்காட்சித் திரையில் ஒரு வெளுத்த பெண் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்துவது என்பது அந்தக் கடை கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜோஸ்னாவின் சபைதான் முதலில் செய்தது. பத்தொன்பது வயதில், கன்வென்ஷன் நடக்கும்போது அறிவிப்பாளர் ராஜையாவுக்குத் தொண்டை கட்டிப்போக, மைக் அவள் கைக்கு வந்தது. பெண்கள் அறிவிப்பு வாசிக்கலாம், பிரசங்கம் செய்யக் கூடாது என்று அப்போதைய கமிட்டி தீர்மானித்தது. நீலப் பிளாஸ்கைத் தவறவிட்டவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோது பந்தலில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிலே அறிவிப்பு முடிகிறது, எதிலே பிரசங்கம் தொடங்குகிறது என்று கமிட்டிக்கே சந்தேகம் வந்து, பந்தலுக்குப் பின்னால் திரை கட்டி அவளை அதற்குள் உட்கார வைத்தார்கள்.

அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து அவளைக் கண்டெடுத்தவர், 'சவுண்ட்ஸ்' நடத்தும் தங்கப்பன். எந்த மதத்துக்காரர் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். பிற்பாடு, அவளுடைய முப்பதாவது வயதில், அவர்தான் அவளைப் பக்கத்து ஊர் பகவதி கோவில் பொங்காலைக்கு அறிவிப்புச் சொல்ல அழைத்துப் போனார். கோவிலின் பெயர் வேண்டாம். எந்தக் கோவில் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அடுத்த கோவிலைத்தான் கை காட்டுவார்கள்.

பொங்காலை நாளில் மைக் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மைதானம் நிறைந்து, மதிலைத் தாண்டி, ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பெண்கள் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டியிருப்பார்கள். தலைமைப் பூசாரியான மேல்சாந்தி முதல் அடுப்பில் தீ வைத்ததும், இனி கொளுத்தலாம் என்று குரல் சொல்ல வேண்டும். பொங்கி முடிந்தபின், தீர்த்தம் தெளிக்க வருகிறார்கள், கலத்தைத் திறந்து வையுங்கள் என்று அதே குரல் சொல்ல வேண்டும். இடையில் புகையில் திசை தெரியாமல் குழந்தைகள் தொலையும்.

தொலைந்த குழந்தைகளைக் கண்டுபிடிப்பதில்தான் ஜோஸ்னா பேர் வாங்கியிருந்தாள். அதாவது, ஸ்ரீலட்சுமி பேர் வாங்கியிருந்தாள். பெயர், பெற்றவர்கள் பெயர், ஊர், உடுப்பு, ஓர் அடையாளம், கடைசியாகப் பார்த்த இடம். அதற்குப் பிறகு, "எல்லாரும் அவரவர் அடுப்புக்கு இடமும் வலமும் ஒருமுறை பாருங்கள்" என்பாள். அதைக் கேட்டதும் மைதானமே எழுந்து நின்று இடமும் வலமும் திரும்பும். ஒரு பக்திப்பாட்டு முடிவதற்குள் குழந்தை யாராவது ஒருத்தியின் இடுப்பில் இருக்கும். கண்டெடுத்த ஆளை வாசலில் நிறுத்தி யாரும் விசாரிக்கக் கூடாது, நேராக மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கோவில் கமிட்டித் தலைவர் செல்லசாமியே போட்ட சட்டம். ஒருமுறை வாசலில் நின்ற ஒரு தொண்டர், அழும் குழந்தையிடம் தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றதால் வந்த சட்டம்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. அவள் சத்தியதாசின் மகள், சபைக்காரி என்று கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாததால் யாருக்கும் தெரியாது. மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய சவுண்ட் வண்டிக்குள்ளிருந்து அவள் பேசினாள், பகவதியும் கேட்டுக்கொண்டாள், எல்லாருக்கும் சுகமாக இருந்தது.

கெடுத்தது நன்றியுணர்ச்சிதான். இந்த வருஷம் பொங்காலைக்கு வெள்ளிவிழா. 'பொங்காலையின் குரல்' என்று அறிவிப்பாளரை மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்துக் கைதட்டியது. கைதட்டி முடிந்ததும்தான், பொன்னாடையைக் குரலுக்குப் போர்த்த முடியாது, ஓர் ஆளுக்குத்தான் போர்த்த முடியும் என்பது அவர்கள் நினைவுக்கு வந்தது.

ஜோஸ்னாவுக்குச் செய்தி வந்த அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். சஜு பயந்துபோனான்.

"என்னடி, சொகமில்லியா?"

"பேரு சொல்லுவாவளா?" என்று கேட்டாள் அவள்.

"பின்னே? பேரு சொல்லாம எப்படி மேடையில கூப்பிடுவாவ?"

அவளுக்கு வேண்டியது அதுதான். பொன்னாடை வேண்டாம், பீரோவில் வைத்தால் பூச்சி வரும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் குரலும் அவள் பெயரும் அவள் முகமும் ஒரே இடத்தில் ஆள் பார்க்க இருக்க வேண்டும். பதினேழு வருஷமாகக் குரல் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

முதலில் நிறம் போயிற்று. பாறசாலையில் பிளெக்ஸ் அடிக்கும் ஜெனில் அவள் போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். அதில் கோதுமை நிறத்தில் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரு?" என்றாள் ஜோஸ்னா.

"நிங்களாக்கும் அக்கா. கொஞ்சம் பிரைட்டு கூட்டியிருக்கேன்."

"கொஞ்சமா?"

"பிளெக்ஸுன்னா அப்படித்தான் அக்கா. கல்யாணப் பொண்ணு, கவுன்சிலரு, செத்துப்போனவிய எல்லாருக்கும் இதே பிரைட்டாக்கும். செத்தவிய வீட்டிலேருந்துகூட ஒரு கொறையும் சொல்லி வந்ததில்ல."

படத்துக்குக் கீழே 'ஸ்ரீலட்சுமி' என்று இருந்தது. ஜெனில் தலையைச் சொறிந்தான். "அது கமிட்டியில சொன்னாவ. அந்தப் பேரிலதான் நாட்டுக்காரங்களுக்குத் தெரியுமாம்."

அவள் நேராகச் செல்லசாமியின் வீட்டுக்குப் போனாள். செல்லசாமி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் நாற்காலி போட்டார், சாயா கொடுக்கச் சொன்னார். இந்த உபசரிப்புகள் முடிந்தபின் ஆரம்பித்தார்.

"எடி ஜோஸ்னா, ஒனக்க குரலுக்கு ஜாதியும் இல்ல, மதமும் இல்ல. அத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

"பின்னே என்ன அண்ணே?"

"ஒனக்கு உண்டு. அதாக்கும் பிரச்சினை."

"வெளுப்பாக்கினது போட்டும் அண்ணே. அது எனக்க மாமியாருக்கும் சந்தோசமா இருக்கும். பேர மாத்தாண்டாம்."

"பேருதானே கோளாறு. நிறம் ஒரு கோளாறே இல்ல, அது ஜெனில் சரியாக்கிட்டானே." செல்லசாமி குரலைத் தாழ்த்தினார். "ஸ்ரீலட்சுமின்னு ஒரு நாளைக்கு இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போகும்? பொங்காலை முடிஞ்சதும் நீ மறுபடி ஜோஸ்னாதானே."

"எனக்கு அப்பன் வச்ச பேரு அண்ணே. வாடகைக்குக் கொடுக்கல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த தடை போர்டு. போன வருஷம் கோவில் மதில் வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள்: 'பிற மதத்தினருக்கு அனுமதி இல்லை.' உபயம், ஒரு டைல்ஸ் கடை. எழுத்து சின்னதாகவும் கடையின் பெயர் பெரிதாகவும் இருக்கும். சவுண்ட் வண்டியும் போன வருஷமே மதிலுக்கு வெளியே ரோட்டோரம் நகர்ந்துவிட்டது; புகை அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். மேடை மதிலுக்கு உள்ளே இருந்தது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு கேள்வியும் கமிட்டியைக் குடைந்துகொண்டிருந்தது. அதை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் பன்னிரண்டு ஆண்களில் ஒருவருக்கும் இல்லை. மேடை கோவில் வளாகத்துக்குள் இருப்பதால், பொங்காலை தேதி மாதக் கணக்கில் அவளுக்குச் சரியான தேதிதானா என்பதுதான் கேள்வி. அவளுக்கு முன்னால் அறிவிப்புச் சொன்ன ஆண் மதியத்துக்கு மேல் தள்ளாடித்தான் மைக்கைப் பிடிப்பார். அவரிடம் எந்தத் தேதியும் யாரும் கேட்டதில்லை. இவளிடமும் கேட்கவில்லை. பதிலாக, ஆறு வருஷம் அவளுக்கு அந்தத் தேதிகள் எப்படி இருந்திருக்கும் என்று தங்களுக்குள்ளேயே கணக்குப் போட்டு முகம் சிவந்து, அஜெண்டாவில் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

முடிவில் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. அறிவிப்புச் சேவைக்கான பொன்னாடையைத் தங்கப்பனுக்குப் போர்த்துவது. மைக் அவருடையது, ஆம்ப்ளிபயர் அவருடையது, வயர் அவருடையது. அந்த வயர் வழியாகப் போவது என்ன என்பது நுணுக்கமான விஷயம், அதைப் பார்க்கத் தேவையில்லை. அவர் ஆண், உள்ளே வரக்கூடியவர், போட்டோவும் பழைய அடையாள அட்டையில் தயாராக இருந்தது. ஜோஸ்னா வழக்கம்போல மதிலுக்கு வெளியே வண்டியிலிருந்து அறிவிப்புச் சொல்வாள். தங்கப்பனுக்குப் பொன்னாடை போர்த்தும் அறிவிப்பையும் அவளே சொல்வாள். அதை வேறு யார் அவ்வளவு அழகாகச் சொல்ல முடியும்?

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் பிள்ளே" என்றார் தங்கப்பன், அவளைப் பார்க்காமல் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டே. "ஏத்துக்கிடல்லேன்னா அடுத்த வருசம் கான்ட்ராக்ட் வேற ஆளுக்குப் போகும்னு சொல்லுதாவ."

இதற்குள் சபையிலும் தகவல் எட்டியிருந்தது. செயலாளர் வேதமணி ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் அவளைப் பிடித்தார்.

"நீ பாட்டுக்குழுவில முன்வரிசையில நிக்கிய பிள்ளையாக்கும். விக்கிரகத்துக்க மேடையில பொன்னாடை வாங்கினா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"மேடையில என்னைய ஏத்தமாட்டாவளாம் அண்ணே. நான் சபைக்காரியாம்."

வேதமணிக்கு ஒரு கணம் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று புரியவில்லை. "அவிய யாருடி நம்ம பிள்ளையள ஏத்தமாட்டோம்னு சொல்ல? அது அநியாயமாக்கும்!" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆனா ஏத்தினாலும் நீ ஏறப்படாது" என்றார்.

"அப்போ நான் எங்க நிக்கணும்?"

"ரெண்டுக்கும் நடுவுல ரோடு உண்டுல்லா" என்றார் வேதமணி. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

பொங்காலை அன்று அவள் ரோட்டில்தான் இருந்தாள். கும்ப மாத வெயில் தார்ப்பாய்க்குள் காய்ந்தது. வண்டியைச் சுற்றிலும் அடுப்புகள். மதிலைத் தாண்டிப் பகவதியின் எல்லை தாராளமாக வந்திருந்தது, போர்டு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. மஞ்சள் சுடிதாரில் உட்கார்ந்து, தீ வைக்கலாம் என்றாள். ஊர் முழுக்கப் புகைந்தது. பாயசம் பொங்கி வழிந்தது. தீர்த்தத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மேடையில் கூட்டம் தொடங்கியது. ஒரு தொண்டர் வந்து தார்ப்பாய் இடுக்கு வழியாக ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அதை வாசித்தாள். ஓர் எழுத்தைக்கூட விடவில்லை. பொங்காலையின் குரலை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த ஒலியமைப்பாளர் தங்கப்பன் அவர்களைப் பொன்னாடை பெற மேடைக்கு அழைக்கிறோம் என்று தேன் ஒழுகச் சொன்னாள். மைதானம் கை தட்டியது. முன்சீட்டில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த சஜு திரும்பிப் பார்த்தான். அவள் மைக்கை அணைக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"பக்தஜனங்ஙளுடெ ஸ்ரத்தைக்கு" என்று பக்தர்களின் கவனத்தைக் கேட்டாள். அது காணாமல் போனவர்களுக்கான தொனி. மைதானத்தில் பேச்சு அடங்கியது.

"ஒருவரைக் காணவில்லை. பெயர் ஜோஸ்னா. திருப்புறம் சத்தியதாஸ், புஷ்பபாய் தம்பதியின் மகள். வயது முப்பத்தாறு. நிறம் கறுப்பு. மஞ்சள் சுடிதார் அணிந்திருக்கிறார். கழுத்தில் ஒரு சிறிய சிலுவை. கடைசியாகப் பார்க்கப்பட்ட இடம், மதிலுக்கு வெளியே சவுண்ட் வண்டியின் பக்கம். எல்லாரும் அவரவர் அடுப்புக்கு இடமும் வலமும் ஒருமுறை பாருங்கள். கண்டவர்கள் தயவுசெய்து மேடைக்கு அழைத்து வரவும்."

மைக்கை அணைத்தாள். தார்ப்பாயை விலக்கி இறங்கி, தான் சொன்ன இடத்திலேயே வந்து நின்றாள்.

மைதானம் எழுந்து நின்றது. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. வண்டிக்குப் பக்கத்து அடுப்பு காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த ஸ்ரீகுமாரி என்ற அம்மாவுடையது. ஆறு வருஷமாக எத்தனையோ குழந்தையை மற்றவர்கள் கண்டெடுத்தார்கள், அவருக்கு மட்டும் ஒன்றும் கிடைத்ததில்லை. இன்று திரும்பியதும் எதிரே மஞ்சள் சுடிதார்.

"எடி! சிலுவை... கறுப்பு... நீயாக்கும் ஜோஸ்னா?"

"ஓ."

"முப்பத்தாறு வயசாச்சு, கொச்சுப் பிள்ளையப்போல காணாமப் போயி நிக்கே! கூட ஆளு ஒண்ணும் வரல்லியா?"

"வந்திருக்காவ. அந்தா, வண்டியில."

ஸ்ரீகுமாரி முன்சீட்டை எட்டிப் பார்த்தார். "ஓய்! பெண்டாட்டியக் காணல்லேன்னு மைக்கில சொல்லுதாவ, நீரு இருந்து கடலையா தின்னுதீரு?"

"இவளாக்கும் மைக்கில சொன்னது" என்றான் சஜு.

"போவும் ஓய்! அது ஸ்ரீலட்சுமியாக்கும்." ஸ்ரீகுமாரி ஜோஸ்னாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "வா பிள்ளே. பயப்படாத. மேடையில கொண்டு சேத்துட்டுத்தான் மறு வேலை."

வழி நெடுகப் பெண்கள் குரவையிட்டார்கள். கண்டெடுத்த குழந்தைக்கு அங்கே அதுதான் வழக்கம். வாசலில் போர்டுக்குக் கீழே இரண்டு தொண்டர்கள் நின்றார்கள். ஒருவர் சிலுவையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"வழி விடுங்க! காணாமப் போனது கிடைச்சாச்சு! வாசல்ல வெசாரிக்கப்படாதுன்னு சட்டம் உண்டு!" என்று ஸ்ரீகுமாரி கத்தினார்.

சட்டம் உண்டுதான். இரண்டு தொண்டர்களும் ஒதுங்கி நின்றார்கள்.

மேடையில் பொன்னாடை தங்கப்பனின் ஒரு தோளில் ஏறி, மறு தோளுக்குப் போகாமல் செல்லசாமியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீகுமாரி ஜோஸ்னாவை அவர் முன்னால் நிறுத்தினார். "இந்தா ஆளு. சேதாரம் ஒண்ணும் இல்ல. சரி பாத்து எடுத்துக்கிடுங்க."

செல்லசாமி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எடி, நீ செய்தது ஒனக்கே செரியா இருக்கா?"

"காணாமப் போனவியள மேடைக்குக் கொண்டு வரணும்னு நிங்க போட்ட சட்டமாக்கும் அண்ணே. நான் ஆறு வருசமா சொல்லிட்டு வாறேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஆள் ஓடி வந்தான். மேல்சாந்தி தீர்த்தக் குடத்தோடு புறப்பட்டுவிட்டார். உடனே மைக்கில் சொல்ல வேண்டும். மைக்கில் சொல்ல வேண்டிய ஆள் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். செல்லசாமி மேடை மைக்கைப் பிடித்துத் தானே சொல்லிப் பார்த்தார். பக்தர்களே, தீர்த்தம், கலம் என்று நல்ல வார்த்தைகள்தான். ஆனால் ஆறு வருஷமாகப் பழகிய குரலுக்குப் பதில் ஆண் குரல் கேட்டதும் தூரத்து அடுப்புக்காரிகள், யாரோ வார்டு மெம்பர் வாழ்த்துரை வழங்குகிறார் என்று நினைத்து மறுபடி கதை பேச உட்கார்ந்துவிட்டார்கள். கலங்கள் மூடியே இருந்தன. தீர்த்தக் குடம் படியிறங்கிக்கொண்டிருந்தது.

செல்லசாமி மைக்கைப் பார்த்தார். தூரத்தில் போர்டின் முதுகைப் பார்த்தார். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார்.

"தீர்த்தத்த மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

ஜோஸ்னா மைக்கை வாங்கினாள். எப்போதும் தார்ப்பாயைப் பார்த்துப் பேசியவள், முதல்முறையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஜோஸ்னா" என்றாள். "ஆறு வருஷமாக உங்களிடம் பேசிக்கொண்டிருப்பது நான்தான். காணாமல் போயிருந்தேன், கிடைத்துவிட்டேன். கொண்டுவந்து சேர்த்த காஞ்சிரங்குளம் ஸ்ரீகுமாரி அம்மாவுக்கு நன்றி. இனி தீர்த்தம் வருகிறது. கலத்தைத் திறந்து வையுங்கள்."

மைதானம் ஒரு நிமிஷம் மூச்சு விடவில்லை. அதைப் பக்தி என்று கமிட்டியில் சிலர் பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். ஸ்ரீகுமாரி மட்டும் மேடையோரத்தில் வாயைப் பிளந்து நின்று, "எடி... அப்போ நீயா... அப்போ கடலை தின்னுக்கிட்டிருந்த அந்த மனுசன் சொன்னது நெசமா?" என்றார். பிறகு தன் கலம் மூடியிருக்கும் நினைவு வந்து ஓடினார். எல்லாக் கலமும் திறந்தது. தீர்த்தம் விழுந்தது. பகவதியிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வந்ததாகத் தகவல் இல்லை.

ஆட்சேபமெல்லாம் கமிட்டியிலிருந்துதான் வந்தது. மறுநாளே அவசரக் கூட்டம். மேடைக்குத் தீட்டுக் கழிக்கப் புண்ணியாகம் செய்ய வேண்டும் என்றார் ஒருவர். அப்படியானால் மைக்குக்கும் செய்ய வேண்டும், அதில் தண்ணீர் தெளித்தால் தங்கப்பன் நஷ்டஈடு கேட்பார் என்றார் இன்னொருவர். அந்த யோசனை அங்கேயே அடங்கியது. கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: அடுத்த வருஷத்திலிருந்து பதினைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் காணாமல் போவது அனுமதிக்கப்பட மாட்டாது. அறிவிப்பாளரை மாற்றுவது பற்றியும் பேச்சு வந்தது. ஆண் குரலுக்குக் கலம் திறக்காது என்பதை நேரில் பார்த்திருந்ததால் அதை ஒத்திவைத்தார்கள். சவுண்ட் வண்டி அடுத்த வருஷமும் மதிலுக்கு வெளியேதான் நிற்கும். தங்கப்பனின் பொன்னாடை இப்போது ஆம்ப்ளிபயருக்குத் தூசி படாமல் மூடக் கிடக்கிறது.

சபையில் வேதமணி அவளைப் பாட்டுக்குழுவிலிருந்து ஒரு மாதம் விலக்கி வைத்தார். இரண்டாவது வாரம் அறுப்புப் பண்டிகை ஏலம் வந்தது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலையையும் கோழியையும் ராஜையாவின் கட்டைத் தொண்டை ஏலம் கூறியபோது ஒருவரும் விலை ஏற்றவில்லை. இடைவேளையிலேயே அவள் மனந்திரும்பிவிட்டதாகக் கமிட்டி கண்டுகொண்டு மைக்கைக் கொடுத்தது. மனந்திரும்பினாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. திரை மட்டும் இந்த முறை கட்டவில்லை; மறந்துவிட்டார்களாம்.

ஊர்க்காரர்களுக்கு அவள் பெயர் இப்போது தெரியும். முழுப்பெயர் 'காணாமப் போன ஜோஸ்னா'. கடைத்தெருவில் குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அடைமொழி வேண்டாமே என்று சஜு வருத்தப்பட்டான். பேரு வந்துச்சுல்லா, அது போதும் என்றாள் அவள்.

போன வாரம் பூவாரில் பொன்னப்பன் கடையில் மறுபடி சாயா குடித்தார்கள். பொன்னப்பன் நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, ரெக்கார்டில்ல. ஒத்துக்கிடுதேன்" என்றார். "ஆனா எனக்கு ஒரு சங்கடம் உண்டு பிள்ளே. அந்த ஸ்ரீலட்சுமி எங்க போனா? நல்ல பிள்ளையாக்கும் அவ."

ஜோஸ்னா சாயாவைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் இல்லாமலே ஆரம்பித்தாள்.

"ஒருவரைக் காணவில்லை. பெயர் ஸ்ரீலட்சுமி. நிறம் வெளுப்பு. கசவு முண்டு, துளசி, சந்தனம். கடைசியாகப் பார்த்தவர்கள் காரில் வந்ததாகச் சொல்கிறார்கள்." அவள் எழுந்து கிளாஸை நீட்டினாள். "எங்கேயாவது கண்டா, மேடைக்கு அனுப்பாண்டாம் அண்ணே. அங்க இப்போ எடமில்ல."